நாகப்பட்டினத்துப் பந்தலில் நான் எடுக்காத படம்

1

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், நானூறு போட்டோகிராபர்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் எப்போதோ செய்த ஒரு ஏமாற்று வேலையை வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வேலையில் ஏமாந்தவர் மேடைக்குக் கீழே, எனக்கு நேர் எதிரே, கேமராவும் கையுமாக நின்றிருந்தார். அன்று காலையில்தான் அதே விஷயத்துக்கு அவரிடம் ஒரு பொய்யும் சொல்லி வைத்திருந்தேன். ஒரே நாளில், ஒரே ஆளிடம், பொய்யையும் சொல்லி உண்மையையும் உளற ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே வாய்த்தது.

ஜெர்மனியின் வடக்கே ஒரு சிறிய ஊரில் பதினெட்டு வருஷமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அதற்கு முன் திருவிடைமருதூரில் வைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய ஸ்டுடியோ என்றால், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். என் மனைவி செல்விக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் வேலைக்கு வந்தாள். நான் அவளுடைய பெட்டிகளில் ஒன்றாக வந்தேன்.

இங்கே என் பிழைப்பு பெரும்பாலும் பாஸ்போர்ட் படம். சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது, கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கக் கூடாது, முகம் ஒரு கட்டத்துக்குள் அளந்து உட்கார வேண்டும். கொஞ்சம் பிசகினால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் ‘சிரிங்க, சிரிங்க’ என்று கத்தித் தொண்டை கட்டியவன், இங்கே ‘சிரிக்காதீங்க’ என்று சொல்லிச் சாப்பிடுகிறேன்.

வந்த புதிதில் ஜெர்மன் மொழியில் ‘தாடையைத் தாழ்த்துங்கள்’ என்பதற்கும் ‘தாடையைப் பரிசளியுங்கள்’ என்பதற்கும் நடுவே ஒரே ஓர் ஒலிதான் வித்தியாசம் என்பது தெரியாமல், ஆறு மாதம் வருகிறவர்களிடமெல்லாம் தாடையைப் பரிசாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் மரியாதையாகக் குனிந்தார்கள். ஒரு வயதான அம்மாள் மட்டும், “என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது” என்றாள்.

காலையில் கடையைத் திறக்கும்போது ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து தெருவுக்குள் வரும். எதிரே இருக்கிற ரொட்டிக் கடை கரைந்து போகும். சைக்கிள்கள் கரைந்து போகும். அந்த வெண்மையையே பார்த்துக்கொண்டு நின்றால், கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளே ஒரு மதகு தெரியும். மதகின் மேல் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. தண்ணீர் சுழித்து விழும் சத்தம்கூடக் கேட்கும். அப்போது கதவு மணி அடித்து யாராவது உள்ளே வருவார்கள். கொக்கு பறந்துவிடும். நான் அவருடைய தாடையைத் தாழ்த்தச் சொல்வேன்.

2

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் ஊர் மழலையர் பள்ளியில் பிள்ளைகளைப் படமெடுக்கப் போவேன். போவதற்கு முன் பெற்றோர் ஒவ்வொருவரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து வராத பிள்ளையின் சட்டையில் ஆசிரியை ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுவார். சிவப்புப் பொட்டுப் பிள்ளை மேல் என் லென்ஸ் திரும்பக் கூடாது. தவறிப்போய்க் காது மட்டும் விழுந்தாலும் அழித்தாக வேண்டும்.

போன வருஷம் அப்படி ஒரு பொட்டுப் பையன், எல்லோரையும் எடுத்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து எனக்காகச் சிரித்தான். ஆசிரியை பதறி ஓடி வந்தார். அதற்குள் என் கட்டைவிரல் பழைய பழக்கத்தில் ஒரு காரியம் செய்துவிட்டது. ஃபிளாஷ் அடித்தது, படம் விழவில்லை. பையனுக்குச் சந்தோஷம். ஆசிரியைக்குக் கேமராவைக் காட்டினேன், உள்ளே ஒன்றுமில்லை. சட்டத்துக்கும் சந்தோஷம். ‘சேகரு, நீ பெரிய ஆள்டா’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் மகள் வேனிலுக்குப் பதினேழு வயது. அவள் சட்டையில் பொட்டு இல்லை, பேச்சில் இருக்கிறது. “அப்பா, என்னைக் கேட்டியா? கேக்காம எடுத்தா அது என் படம் இல்ல, உன் திருட்டு” என்பாள். அவளுடைய தமிழில் ‘நீங்க’ என்ற சொல் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. தேடிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வாள், மறுபடி தொலைத்துவிடுவாள். அவளுடைய பதினாலாவது வயதுக்குப் பிறகு நானும் அவளும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. ஊரார் முகத்தையெல்லாம் கட்டத்துக்குள் அடக்கியவனுக்கு வீட்டில் இருக்கிற ஒரு முகம் அடங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

“வணக்கம் சார். நான் ரஹ்மத் நிஷா. நாகப்பட்டினத்துல கல்யாண போட்டோகிராபரா இருக்கேன். ஆடி மாசம் தஞ்சாவூர்ல டெல்டா போட்டோகிராபர்கள் மாநாடு நடத்துறோம். வெளிநாட்டுல ஸ்டுடியோ வெச்சிருக்குற நம்ம ஊர்க்காரர்னு உங்களப் பேசக் கூப்பிடலாம்னு நான்தான் சொன்னேன்.”

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. டெல்டாவில் உள்ள அத்தனை கேமராக்களும் உறையில் தூங்கும் மாதம் அது. அதனால்தான் மாநாட்டை ஆடியில் வைக்கிறார்கள். கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தார்.

“இன்னொரு விஷயம் சார். எங்க லாத்தா (அக்கா) கல்யாணத்துக்கு நீங்கதான் படம் எடுத்தீங்க. எனக்கு அப்ப ஆறு வயசு. பந்தல்ல என்னையும் வாப்பாவையும் தனியா நிக்க வெச்சு எடுத்தீங்க. ரெண்டு தடவ ஃபிளாஷ் அடிச்சுச்சு. ஆல்பத்துல எல்லாப் படமும் இருக்கு, அது மட்டும் இல்ல. வாப்பா பதினஞ்சு நாள் லீவுல வந்துட்டு சவூதிக்குத் திரும்பிப் போயிட்டாங்க. அடுத்த லீவு வரல. அங்கயே மௌத்தாயி அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. நானும் வாப்பாவும் சேந்து நிக்கிற படம் வேற கிடையாது. நெகட்டிவ் இருந்தாப் போதும் சார், பிரிண்ட் நானே போட்டுக்குவேன்.”

வெளிநாட்டுப் பேச்சாளர் என்ற நினைப்பில் மயங்கிக் கிடந்தவன் இதையும் படித்தேன். படித்த கையோடு பதில் போட்டேன்: “கண்டிப்பா இருக்கும்மா. என் நெகட்டிவ் எல்லாம் அண்ணன் வீட்டுல பத்திரமா இருக்கு. கையோட கொண்டு வர்றேன்.”

அடுத்த நொடி டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டேன். செல்விக்கு லீவு இல்லை. வேனில் தோழிகளோடு இத்தாலிக்குப் போகிறேன் என்றாள். “ஊருக்கு வந்தா எல்லாரும் என்னைக் கேக்காம எடுப்பாங்கப்பா” என்று காரணமும் சொன்னாள்.

3

என் அண்ணன் கலியபெருமாள் திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். நான் போய் இறங்கியபோது குறுவை பச்சைப் பசேலென்று நின்றது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. பயணக் களைப்பில் எனக்கு எல்லாமே தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போலத்தான் தெரிந்தது. பயிர் அசைந்ததா, நான் அசைந்தேனா என்பது இன்றைக்கும் நிச்சயமில்லை. அண்ணன் வரப்பில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். அதன் சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சும்மா சுழன்றன.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எந்தப் படத்திலும் கண்ணைத் திறந்து வைத்திருந்ததில்லை. ஃபிளாஷ் அடிக்கும் என்று தெரிந்தாலே இமை விழுந்துவிடும். அவருடைய கல்யாணப் படங்களைப் பார்க்கிறவர்கள், மாப்பிள்ளை தூக்கத்தில் தாலி கட்டியிருக்கிறார் என்றே நினைப்பார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தவன் நான்.

மறுநாள் அண்ணன் பரண் மேலேறி என் பழைய பிஸ்கட் டின்களை இறக்கித் தந்தார். ஒன்றினுள் இருந்த உறை மேல் என் கையெழுத்திலேயே ‘நாகப்பட்டினம், ஜவுளிக்கடைக்காரர் தங்கச்சி வீடு’ என்றிருந்தது. எங்கள் ஊரில் ஜவுளிக் கடை வைத்திருந்த பாய் தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போயிருந்தார். அந்த அக்காவைத் தங்கச்சி என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள் என் கவனத்தை.

நெகட்டிவ் துண்டுகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நெகட்டிவில் உலகம் தலைகீழ் நிறத்தில் இருக்கும். வெள்ளை வேட்டி கருத்துக் கிடக்கும். கறுப்புத் தாடி வெளுத்துப் போகும். ஒரு பந்தல் கூட்டமே ஒரே பகலில் முதுமையடைந்து ஆரஞ்சு நிற ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கும் நரைத்த தலை. அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்று ரோல், ரோலுக்கு முப்பத்தாறு. ஒன்று விடாமல் இருந்தது. சின்னப் பெண்ணும் அவள் வாப்பாவும் மட்டும் இல்லை.

அப்போதுதான் அந்த வாட்ஸ்அப் செய்தியை மறுபடி எடுத்துப் படித்தேன். சின்னப் பெண். இரண்டு ஃபிளாஷ்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போனால் மூன்று ரோல்தான். பந்தலிலோ முந்நூறு பேர். ஒவ்வொருவரும் ‘என்னை ஒண்ணு எடுங்க, மச்சானோட ஒண்ணு எடுங்க’ என்று வரிசையில் நிற்பார்கள். மாட்டேன் என்றால் சண்டை. அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். ஃபிளாஷின் முதுகில் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், படம் விழாது. கேமராவின் ‘டக்’ சத்தத்தை நாக்கால் போட்டுக்கொள்வோம். எங்களுக்குள் அதன் பெயர் ‘சும்மா ஃபிளாஷ்’. பெரியவர்களுக்கு ஒன்று. பிள்ளைகள் என்றால் நான் இரண்டு அடிப்பேன். செலவில்லாத தாராளம்.

“என்னடா, கெடைச்சுதா?” என்றார் அண்ணன்.

“கெடைக்காதுண்ணே. எடுக்கவே இல்ல.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாத்தே விடாம அறுப்புக்கு ஆள் சொல்லிட்டு வந்திருக்க நீ” என்றார். “அந்தப் பொண்ணுகிட்ட உள்ளதச் சொல்லிடு.”

“சொல்லிடுறேண்ணே” என்றேன்.

4

மாநாட்டு மண்டபம் தஞ்சாவூரில் புது ஆற்றங்கரைக்குப் பக்கத்தில். வாசலில் பெரிய பேனர். அதில் என் படமும் இருந்தது. கீழே ‘சர்வதேசப் புகைப்படக் கலைஞர்’ என்று போட்டிருந்தார்கள். மழலையர் பள்ளியும் பாஸ்போர்ட்டும் சர்வதேசம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பதிவு மேசையில் இருந்தவர், “பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு குடுங்க சார், அடையாள அட்டைக்கு” என்றார்.

என்னிடம் இல்லை. பதினெட்டு வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்கிறவனிடம் ஒன்றுகூட இல்லை.

“பேனர்ல இருக்கேனே?”

“பேனரை அட்டைல ஒட்ட முடியாது சார்.”

“சுத்தி நானூறு போட்டோகிராபர் நிக்கிறாங்க, ஒருத்தர் எடுத்தாப் போச்சு.”

“எடுத்துடலாம் சார், பிரிண்ட் வேணுமே. பக்கத்துல ஒரு ஸ்டுடியோ இருக்கு.” போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. உரிமையாளர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். கடைசியில் அட்டையில் படம் இருக்க வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டு என் கழுத்தில் மாட்டினார்கள். அன்று முழுக்க நான் அப்படியே திரிந்தேன், படமில்லாத சட்டத்தோடு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உள்ளே ஒரு மூலையில், கல்யாணப் பெண் போல அலங்காரம் செய்த ஒரு பெண்ணை நிறுத்திப் பயிற்சி வகுப்பு நடந்தது. நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சத்தமே இல்லை. இப்போதைய கேமராக்கள் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் ஒலி எழுப்புகின்றன. வெளிச்சம் மட்டும் மாறி மாறி அடித்தது. தூரத்தில் நின்று பார்த்தால், மழைக்கு முன்னால் கடலுக்கு மேல் சத்தமில்லாமல் மின்னுமே, அது போல இருந்தது. மின்விசிறிகள் சுழன்றன. சாம்பார் வாசனை வந்தது. எனக்குள் இன்னும் ஜெர்மனி நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பக்கத்தில் போட்டிருந்த கண்காட்சிக் கடையில் ஒரு புது மென்பொருள் காட்டினார்கள். இறந்துபோன அப்பாவின் பழைய படத்தைக் கொடுத்தால், கல்யாண ஆல்பத்தில் மகள் பக்கத்தில் அவரைப் பட்டு வேட்டியோடு நிற்க வைத்துவிடும். ஆசீர்வாதமும் செய்ய வைக்கும். அங்கேதான் கூட்டம் அதிகம்.

“சார், வந்துட்டீங்களா!”

ரஹ்மத் நிஷாவை அப்போதுதான் நேரில் பார்த்தேன். முப்பது வயது தாண்டியிருக்கும். தலையில் முக்காடு, தோளில் இரண்டு கேமரா, இடுப்பில் லென்ஸ் பை. மாநாட்டைப் படமெடுக்கும் பொறுப்பு அவருடையது. என் கையில் ஏதாவது உறை இருக்கிறதா என்றுதான் அவர் கண் முதலில் போனது.

உள்ளதைச் சொல்லிவிடு என்றார் அண்ணன். நானும் வாயைத் திறந்தேன்.

“அதும்மா… கொஞ்ச வருஷம் முன்ன டெல்டாவையே பொரட்டிப் போட்டுச்சே, அந்தப் புயல்ல பரண்ல தண்ணி எறங்கிடுச்சு. நெகட்டிவ் எல்லாம் ஒட்டிப் போச்சு. பிரிச்சா கையோட வருது.”

அவர் முகம் ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு, “ஆமா சார், அந்தப் புயல்ல எங்க வீட்டுலயும் நெறையப் போச்சு” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். “தேடிப் பாத்தீங்கல்ல, அதுவே போதும். சாப்பிட்டீங்களா?”

5

என் பேச்சைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருந்தார்கள். வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்த நானூறு பேர். முதல் வரிசை கொட்டாவி விட்டது, நடு வரிசை போனைப் பார்த்தது, கடைசி வரிசையில் அண்ணன் நேராக உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்தார். தம்பி பேசுவதைக் கேட்க பஸ் பிடித்து வந்திருந்தார்.

ஜெர்மனியில் ஒளியின் தன்மை என்று தொடங்கினேன். ஒருவரும் அசையவில்லை. சம்மதக் கடிதம், சிவப்புப் பொட்டு என்றேன். ஓரிருவர் நிமிர்ந்தார்கள். பொட்டுப் பையனுக்கு வெறும் ஃபிளாஷ் அடித்த கதைக்கு வந்தேன். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. அப்புறம் எனக்குள் இருந்த கோமாளி மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

“என்ன புதுசா கேக்குற மாதிரி பாக்குறீங்க? இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நம்ம ஊரு பந்தல்தானே! இங்க சும்மா ஃபிளாஷ் அடிக்காத கை எது, தூக்குங்க பாப்போம்!”

மண்டபம் வெடித்தது. நரைத்த தலைகளெல்லாம் ஒருவரையொருவர் காட்டிச் சிரித்தன. மேசை மேலிருந்த ஃபிளாஷை எடுத்து, பொத்தானை அழுத்தி, நாக்கால் ‘டக்’ போட்டுக் காட்டினேன். கைதட்டல் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தில் நான் மிதந்தேன். வாய்க்கால் தண்ணீரில் மல்லாந்து போவது போல இருந்தது.

“பெரியவங்கன்னா ஒண்ணு. கொழந்தைங்கன்னா ரெண்டு ஃபிளாஷ்! நம்ம தாராளம் யாருக்கு வரும்?”

சிரிப்புக்கு நடுவே கீழே பார்த்தேன். ரஹ்மத் நிஷா என்னைப் படமெடுக்கக் கேமராவைத் தூக்கியவர், மெதுவாக இறக்கினார். என்னையே பார்த்தார். கோபமாக இல்லை. ஒரு கணக்குக்கு விடை வந்துவிட்டவரைப் போலப் பார்த்தார்.

மீதிப் பேச்சு எனக்கு ஞாபகமில்லை. பொன்னாடை போர்த்தினார்கள்.

வெளியே வாசலோரம் டீ குடித்துக்கொண்டு நின்றேன். கை குலுக்க வந்த கூட்டம் கலையும் வரைக்கும் அவர் தள்ளி நின்றார். பிறகு வந்தார்.

“கொழந்தைங்கன்னா ரெண்டு” என்றார்.

நான் டீயை ஒரு மடக்குக் குடித்தேன்.

“புயல்ல நனையல இல்ல சார்?”

“இல்லம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் படம் மட்டும்…”

“எடுக்கவே இல்ல.”

“எடுக்கல.”

எனக்கு அந்த மென்பொருள் கடை ஞாபகம் வந்தது. “உள்ள ஒரு சாஃப்ட்வேர் காட்டுறாங்கம்மா. வாப்பா படம் ஒண்ணு, உன் சின்ன வயசுப் படம் ஒண்ணு குடுத்தா…” என்று இழுத்தேன்.

“அது எங்கிட்டயே இருக்கு சார். மத்தவங்களுக்குச் செஞ்சு குடுக்குறேன். எனக்கும் போட்டுப் பாத்தேன். வாப்பாவ நிக்க வெச்சேன், என்னையும் பக்கத்துல நிக்க வெச்சேன். அப்புறம் வாப்பா கையை எங்க வெக்கிறதுன்னு தெரியல.” அவர் கேமராவின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். “தோள்ல வெச்சா ஒரு மாதிரி இருக்கு, தலைல வெச்சா ஒரு மாதிரி இருக்கு. எல்லாமே பொய்யாத் தெரியுது. அதுக்குத்தான் சார் நெகட்டிவ் கேட்டேன். வாப்பா கை எங்க இருந்துச்சுன்னு பாக்கணும்.”

டீ கிளாஸ் கையில் சுட்டது. நான் அதைக் கீழே வைக்கவில்லை.

“நான் கேமராவையே பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு வெளிச்சம்தான் ஞாபகம் இருக்கு. பந்தல்ல இருந்தவங்க அவங்கவங்க வேலையப் பாத்துருப்பாங்க. எங்க ரெண்டு பேரையும் பாக்க வேண்டிய வேலை உங்களுக்குத்தான் சார். படம் இல்லாட்டிப் போவுது. நீங்க பாத்திருப்பீங்கல்ல? வாப்பா கை எங்க இருந்துச்சு?”

தோள்ல என்று சொல்லியிருக்கலாம். எந்த அப்பாவின் கையும் தோளில் இருக்கக்கூடியதுதான். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அன்றைக்குப் பந்தலில் ‘டக்’ போட்ட அதே நாக்கு.

“நான் பாக்கலம்மா” என்றேன். “வரிசைல அடுத்தது யாருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் தலையை ஆட்டினார். லென்ஸை மூடியால் மூடினார்.

“சரி சார். டீ ஆறுது, குடிங்க.”

6

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் மரியாதையாக ஊர் திரும்பியிருப்பேன். ஆனால் என் மடத்தனத்துக்கு இன்னும் ஒரு தவணை பாக்கி இருந்தது.

சாயங்காலம் அண்ணனும் நானும் பஸ் ஏற நடந்தோம். புது ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்து, ஆறு முழுவதும் பொடி தூவியது போல மஞ்சளாக ஓடியது. கரையில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மாடு அசையவில்லை, ஆறு மட்டும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தொழில்காரன் மனது, ‘ஐயோ, இந்த வெளிச்சம் இன்னும் பத்து நிமிஷம்தான்’ என்றது. அண்ணனைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் போனபோது நான் கவனிக்கவில்லை, பாலமேற அவருக்கு மூச்சு வாங்கியது. அவரும் நானுமாக, அவர் கண் திறந்திருக்கும் ஒரு படம் என்னிடம் இல்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. மறுநாள் எனக்கு விமானம்.

ரஹ்மத் நிஷா பாலத்தின் அந்தப் பக்கம் ஆட்டோவுக்கு நின்றிருந்தார். நான் கூப்பிட்டேன். ஆமாம், அவரைத்தான் கூப்பிட்டேன்.

“அம்மா, ஒரு உதவி. அண்ணனையும் என்னையும் ஒண்ணு எடுத்துத் தர்றியா?”

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பையைத் திறந்து கேமராவில் ஃபிளாஷை மாட்டினார்.

“எனக்கெல்லாம் எதுக்கும்மா?” என்றார் அண்ணன். “கண்ணு மூடிக்கும். இவன் கேட்டா சொல்லுவான்.”

“மூடாது பெரியப்பா. கேமராவைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. நான் பாத்துக்குறேன்.”

எங்களைக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினார். என்னை அரை அடி நகரச் சொன்னார். அண்ணனின் சட்டைக் காலரை அவரே வந்து சரிசெய்தார். கழுத்தில் தொங்கிய என் வெறும் அட்டையைத் திருப்பி விட்டார். திரும்பிப் போய், குனிந்து, நிதானமாகப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஃபிளாஷ் அடித்தது. பாலத்தில் ஒரு லாரி கடந்தது.

“இன்னொண்ணு சார்” என்றார். மறுபடி அடித்தது.

நல்ல தொழில்காரி, ஒன்று தப்பினாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று எடுக்கிறார் என எண்ணினேன். அப்படித்தான் எண்ணினேன், சத்தியமாக.

“அண்ணன் கண்ணு தொறந்திருந்துச்சா?”

“ரெண்டு தடவையும் தொறந்திருந்தாங்க சார்” என்றார். “லேசாச் சிரிச்சாங்க. உங்க தோள்மேல கை வெக்கலாமா வேண்டாமான்னு தூக்கிட்டு, அப்புறம் பின்னால கட்டிக்கிட்டாங்க.”

அண்ணன் கூச்சத்தோடு ஆற்றைப் பார்த்தார். ஆட்டோ வந்தது. படத்தை அனுப்பி வைக்கச் சொன்னேன். அவர் கையை மட்டும் அசைத்தார்.

7

இங்கே இலை உதிரத் தொடங்கிவிட்டது. மூடுபனிக்குள் இப்போது கொக்கு வருவதில்லை. பாலம் வருகிறது. அதில் வேட்டி கட்டிய ஒருவர் கையைத் தூக்குகிறார், பின்னால் கட்டிக்கொள்கிறார். கதவு மணி அடிக்கும் வரைக்கும் தூக்கிக் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

மழலையர் பள்ளிக்கு இந்த வருஷமும் போனேன். அதே பையன், அதே சிவப்புப் பொட்டு. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். என் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டேன். கேமராவையும் கீழே வைத்துவிட்டு அவனை நன்றாகப் பார்த்தேன். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. இடது கை முழங்காலில் இருந்தது, வலது கையில் ஒரு பிளாஸ்டிக் மீன். வீட்டுக்கு வந்து அதைக் குறித்து வைத்தேன். அவன் பெரியவனாகி வந்து கேட்டால் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

வரவேற்பறையில் ஒரு சட்டம் வாங்கி மாட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. வேனில் வந்து பார்த்தாள்.

“இது என்னப்பா, மாடர்ன் ஆர்ட்டா?”

“உங்க பெரியப்பாவும் நானும். படம் வந்துக்கிட்டே இருக்கு.”

“பெரியப்பா கண்ணு தொறந்திருக்கா?”

“தொறந்திருக்கு. எடுத்தவங்களே சொன்னாங்க.”

“பார்றா” என்றாள். “வந்ததும் எனக்குக் காட்டு… காட்டுங்க.” அந்த ‘ங்க’ தானாக வந்தது. நான் தேடிக் கொடுக்கவில்லை. எனக்கு அதில் ஒரு நாள் முழுக்க ஓடியது.

படம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். முகூர்த்த நாள்கள் வந்திருக்கும், வேலை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று அண்ணன் போனில் பேசினார். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, முட்டி வலிக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி, “அந்தப் பொண்ணு எடுத்த படம் வந்துச்சாடா? சும்மாத்தான் கேட்டேன்” என்றார். என் அண்ணன் தன் படத்தைப் பற்றி வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்கிறார்.

போனை வைத்த கையோடு ரஹ்மத் நிஷாவுக்கு எழுதினேன்: “அம்மா, அந்தப் பாலத்துல எடுத்த படம் ரெண்டையும் அனுப்பி வெச்சா நல்லாருக்கும். அண்ணன் கண்ணு தொறந்திருக்குறது அதுல மட்டும்தான். அண்ணனும் கேக்குறாரு. சட்டம்கூட மாட்டிட்டேன்.”

இரண்டு நீலக் கோடு விழுந்தது. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

“ரெண்டுமே சும்மா ஃபிளாஷ் சார்.”